மருந்துக்கு நோய் கேட்குமா? மனநோய்ச் சிகிச்சையும் எபிஜெனெடிக் குறிகளும் – விவாத இழை

நெய்தல் எழுதியது:

மனச்சோர்வுக்கு முதல் மருந்தை எழுதித் தரும் மருத்துவரிடம் நோயரின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, இந்த மருந்துக்கு நோய் கேட்குமா என்பதுதான். அதற்கு உறுதியான விடை இன்றுவரை யாரிடமும் இல்லை. அமெரிக்காவில் 2001-இல் தொடங்கி 2006-இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வு, 4,000-க்கும் மேற்பட்ட நோயர்களுக்கு முதலில் சிட்டலோப்ராம் கொடுத்து, அது கேட்காதவர்களை அடுத்தடுத்த படிகளுக்கு நகர்த்தியது. முதல் படியில் நோய்க்குறிகள் முழுமையாகத் தணிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் வந்தவர்களில் தணிவு கண்டவர்கள் முறையே 14, 13 சதவீதம் மட்டுமே. ஒவ்வொரு படிக்கும் பல வாரங்கள் ஆகின்றன. அந்த வாரங்களில் வேலை போகிறது, படிப்பு நிற்கிறது, சிலருக்கு உயிரே போகிறது. ஆகவே முதல் நாளிலேயே ஒரு சொட்டு இரத்தத்தைப் பார்த்து ‘இவருக்கு இது கேட்கும்’ என்று சொல்ல முடியுமா என்ற தேடலை வெறும் ஆய்வக ஆர்வம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

அந்தத் தேடல் முதலில் மரபணு வரிசையில் நடந்தது. மருந்தை உடலிலிருந்து அகற்றும் நொதிகளைப் பற்றி அதில் பயனுள்ள விவரங்கள் கிடைத்தன. நோய் தணியுமா என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் பலருடைய கவனம் எபிஜெனெடிக்ஸ் பக்கம் திரும்பியது. டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலேயே, சைட்டோசின் என்னும் எழுத்தின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதி ஒட்டிக்கொள்ளலாம், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் தொகுதி ஏறலாம், இறங்கலாம், சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள் இடையில் புகுந்து புரத உற்பத்தியைக் குறைக்கலாம். இவற்றால் ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது கூடிக் குறைகிறது. பிறப்பில் கிடைத்த வரிசை மாறாது, ஆனால் இந்தக் குறிகள் வாழ்க்கையின் போக்கில் மாறக்கூடியவை. சிகிச்சையும் வாழ்க்கையின் ஒரு பகுதிதானே என்ற எண்ணத்தில்தான் மனநல ஆய்வாளர்கள் இவற்றின் மேல் நம்பிக்கை வைத்தார்கள்.

இந்த இழையில் நான் முன்வைக்க விரும்புவது ஒரே ஒரு வேறுபாட்டை. சிகிச்சைக்கு முன்பே பலனைக் காட்டும் குறி ஒன்று. சிகிச்சையின் போக்கில் நோயோடு சேர்ந்து மாறும் குறி இன்னொன்று. செய்திகளிலும், சில ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரைகளிலும் கூட, இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. வெப்பமானி காய்ச்சல் இறங்கியதைச் சரியாகக் காட்டும். எந்த மருந்து கொடுத்தால் இறங்கும் என்பதை அது ஒருபோதும் சொல்லாது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ரேச்சல் யெஹூதாவும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்டது அது. போர்முனையில் பணியாற்றி, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு ஆளான 16 முன்னாள் படைவீரர்கள், அஞ்சி ஒதுக்கும் நினைவுகளைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் உளவியல் சிகிச்சையை 12 வாரங்கள் பெற்றார்கள். சிகிச்சைக்கு முன்பும், முடிந்த பின்பும், மேலும் மூன்று மாதம் கழித்தும் அவர்களுடைய இரத்தம் எடுக்கப்பட்டது. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலை ஏற்கும் புரதத்துக்கான என்.ஆர்.3.சி.1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் சிகிச்சைக்கு முன் இருந்த மெத்தில் அளவு, யாருக்குப் பலன் கிடைக்கும் என்பதோடு பொருந்திவந்தது. ஆனால் சிகிச்சையால் அது மாறவில்லை. அதே கார்ட்டிசோல் பாதையைச் சேர்ந்த எஃப்.கே.பி.பி.5 மரபணுவிலோ நேர் எதிரான நிலை: முன்கூட்டி எதையும் சொல்லாத அந்தக் குறி, குணமடைந்தவர்களிடம் குறைந்தது.

ஒரே மனிதர்கள், ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன் பாதை. இரண்டு குறிகள் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்திருக்கின்றன. மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுவது முதல் வகை மட்டுமே. இரண்டாம் வகைக்கும் மதிப்பு உண்டு என்றாலும் அது வேறு கேள்விக்கான விடை. இதைப் பற்றி மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆற்றுமணல் எழுதியது:

நெய்தல் அவர்கள் வகுத்த வேறுபாடு சரியானது. அதை இன்னும் ஒரு படி கடுமையாக்க வேண்டும் என்பது புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் என் கருத்து. ‘சிகிச்சைக்கு முன்பே பலனைக் காட்டும் குறி’ என்பதற்குள்ளேயே இரண்டு வகைகள் கலந்துகிடக்கின்றன. ஒரு குறி, எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் அல்லது கொடுக்காவிட்டாலும் தேறக்கூடியவர்களை அடையாளம் காட்டலாம். வேறொரு குறி, இந்தக் குறிப்பிட்ட சிகிச்சையால் மட்டும் தேறக்கூடியவர்களைக் காட்டலாம். மருந்துத் தேர்வுக்கு உதவுவது பின்னதே. அதைக் கண்டறிய வேண்டுமானால், குறி உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் பாதிப் பேருக்கு ஒரு சிகிச்சையும் பாதிப் பேருக்கு வேறொரு சிகிச்சையும் குலுக்கல் முறையில் கொடுத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். யெஹூதா குழுவின் கட்டுரையில் ஒப்பிடப்பட்ட 16 பேரும் ஒரே சிகிச்சையைப் பெற்றவர்கள். ஆகவே என்.ஆர்.3.சி.1 குறி அந்தச் சிகிச்சைக்கு உரியதா, தேறும் இயல்புக்கு உரியதா என்பதை அந்தத் தரவுகளைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

அடுத்தது எண்ணிக்கை. 16 பேரில் பலன் பெற்றவர் எட்டு, பெறாதவர் எட்டு. இவ்வளவு சிறிய குழுவில் ஒருவர் அணி மாறினாலே முடிவு ஆட்டம் காணும். இன்று பரவலாகப் பயன்படும் ஆய்வகச் சில்லுகள் டி.என்.ஏ.வின் 8,50,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மெத்தில் அளவைக் காட்டுகின்றன. அத்தனை இடங்களையும் சோதித்துவிட்டு வழக்கமான 5 சதவீத வரம்பை வைத்தால், எந்த உண்மைத் தொடர்பும் இல்லாமலேயே 40,000-க்கு மேற்பட்ட இடங்கள் ‘தொடர்புடையவை’ போலத் தோன்றும். ஒரே மரபணுவை முன்கூட்டித் தேர்ந்து ஆய்வது இந்தச் சிக்கலிலிருந்து தப்பும் வழி என்றாலும், அதில் நாம் ஏற்கெனவே நம்பிய மரபணுவைத் தவிர வேறெதையும் காண மாட்டோம்.

மூன்றாவதாக நான் சொல்வது பலருக்குச் சலிப்பூட்டும். ஆனால் இத்துறையின் முடிவுகளில் பெரும்பகுதி இதனால்தான் உருக்குலைகிறது. இரத்தம் ஒரே வகை உயிரணுக்களால் ஆனதன்று. நியூட்ரோஃபில், மோனோசைட், டி அணு, பி அணு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெத்தில் அமைப்பு உண்டு. உடலில் சிறு அழற்சி இருந்தாலும், மன அழுத்தம் கூடினாலும் அவற்றின் விகிதம் மாறும். அப்போது எந்த அணுவிலும் எந்தக் குறியும் மாறாமலேயே சராசரி மெத்தில் அளவு மாறியதுபோல் தோன்றும். 2021-இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழகக் குழு ஏழு தொகுதிகளைச் சேர்ந்த 4,483 பேரின் தரவுகளை இணைத்து மனச்சிதைவை ஆராய்ந்தபோது, நோயர்களிடம் வெள்ளணு வகைகளின் விகிதமே வேறுபட்டிருந்ததைக் கண்டது. அந்த வேறுபாட்டைக் கழித்த பிறகு எஞ்சுவதைத்தான் நாம் பேச வேண்டும்.

குறிஞ்சிமலை எழுதியது:

மனநல மருத்துவராகப் பணியாற்றுபவன் என்ற நிலையிலிருந்து எழுதுகிறேன். மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு சோதனை வந்தால் என் கையில் உள்ள எந்த முடிவு மாறும் என்று கேட்டுப் பார்த்தால்தான் இந்த விவாதம் மருத்துவமனைக்குள் வரும்.

மனச்சோர்வில் முதல் மருந்தாக எஸ்சிட்டலோப்ராமா செர்ட்ராலினா என்று தேர்வதில் பெரிய இழப்பு ஏதும் இல்லை. இரண்டு வாரங்களில் சிறிதளவும் முன்னேற்றம் தெரியாவிட்டால் மருந்தளவைக் கூட்டுவது பற்றியோ மாற்றுவது பற்றியோ யோசிக்கிறோம். இங்கே ஒரு இரத்தச் சோதனை எனக்கு மிச்சப்படுத்தக்கூடியது சில வாரங்கள். அதுவும் அந்தச் சோதனை உண்மையிலேயே துல்லியமாக இருந்தால் மட்டுமே.

மனச்சிதைவில் நிலைமை வேறு. வழக்கமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் குரல்களும் ஐயங்களும் குறையாதவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். அவர்களுக்கு உதவும் என்று நிறுவப்பட்ட மருந்து குளோசபைன் ஒன்றே. ஜான் கேனும் குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு மருந்துகளுக்குக் கேட்காத நோயர்களில் குளோசபைன் பெற்றவர்கள் 30 சதவீதத்தினர் ஆறு வாரங்களில் முன்னேறினார்கள். பழைய மருந்தான குளோர்ப்ரோமசைன் பெற்றவர்களில் முன்னேறியவர்கள் 4 சதவீதம். இவ்வளவு தெளிவான சான்று இருந்தும், குளோசபைன் பல ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கப்படுகிறது. வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும் வாய்ப்பு, அதற்காகத் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் எடுக்க வேண்டிய இரத்தச் சோதனை, எச்சில் ஒழுகல், எடை கூடுதல், மலச்சிக்கல் ஆகியவற்றைக் கண்டு மருத்துவர்களும் தயங்குகிறார்கள், வீட்டாரும் தயங்குகிறார்கள். ‘இவருக்கு வழக்கமான மருந்துகள் கேட்காது’ என்று முதல் ஆண்டிலேயே சொல்லக்கூடிய குறி ஒன்று கிடைத்தால் அது உயிர்களைக் காக்கும். எபிஜெனெடிக் ஆய்வுக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

செம்பருத்தி எழுதியது:

இங்கு எழுதும் அனைவருக்கும் வணக்கம். நான் இத்துறையைப் படித்தவள் அல்ல. என் தம்பிக்கு மனச்சிதைவு. இரண்டு மருந்துகள் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. இப்போது குளோசபைன் தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். இதற்கிடையில், எச்சிலை ஒரு குப்பியில் எடுத்து அனுப்பினால் ‘மரபணுவும் எபிஜெனெடிக்ஸும் சேர்ந்த அறிக்கை’ தருவதாகவும், அதைப் பார்த்துச் சரியான மருந்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் ஒரு தனியார் சோதனைக்கூடத்தின் விளம்பரம் வந்தது. கட்டணம் எங்கள் வீட்டு மாதச் செலவைவிட அதிகம். கடன் வாங்கியாவது செய்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பாவின் குடியால் தம்பியின் சிறுவயது மிகவும் துன்பமாகக் கழிந்தது. சிறுவயதுத் துன்பம் மரபணுவின் மேல் எழுதப்பட்டுவிடும், பிறகு எந்தச் சிகிச்சையாலும் அழியாது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மா தூங்குவதில்லை. இது உண்மையா?

நெய்தல் எழுதியது:

செம்பருத்தி அக்கா, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அம்மா தூங்க வேண்டும்.

சிறுவயதுத் துன்பம் சில மெத்தில் குறிகளோடு தொடர்புபட்டிருப்பது உண்மை. மியூனிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் மனநல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எலிசபெத் பிண்டரின் குழு 2013-இல் எஃப்.கே.பி.பி.5 மரபணுவில் இதைக் காட்டியது. ஆனால் அந்த ஆய்வை முழுமையாகப் படித்தால் தெரிவது வேறு. சிறுவயதில் கொடுமைக்கு ஆளான எல்லாரிடமும் அந்த மாற்றம் இல்லை. மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வடிவத்தைப் பெற்றவர்களிடம் மட்டுமே மெத்தில் குறைந்திருந்தது. அதே மரபணுவின் குறியில்தான் யெஹூதா குழு குணமடைந்தவர்களிடம் மாற்றத்தைக் கண்டது. அளந்த இடம் வேறு என்றாலும், குறிகள் அசையாதவை என்ற கூற்றுக்கு இதுவே மறுப்பு. எலிகளில் மான்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மீனியும் மோஷே ஷைஃபும் 2004-இல் காட்டியதும் இதுவே: தாய் நாவால் நக்கிக் கொடுப்பதையும் வருடிக் கொடுப்பதையும் குறைவாகப் பெற்ற குட்டிகளின் மூளையில் நிலைத்திருந்த வேறுபாட்டை, அவை வளர்ந்த பிறகும் ஒரு வேதிப்பொருளைச் செலுத்தி நீக்க முடிந்தது. எழுதப்பட்டுவிட்டது, இனி அழியாது என்ற கூற்றுக்கு இத்துறையின் அடிப்படை ஆய்வுகளிலேயே இடமில்லை. மேலும் இவை மன அழுத்தப் பாதையைப் பற்றிய ஆய்வுகள். தம்பியின் மனச்சிதைவு சிறுவயதுத் துன்பத்தால் மட்டும் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மனச்சிதைவில் பரம்பரையின் பங்கு பெரிது என்பது இரட்டையர் ஆய்வுகளால் நிறுவப்பட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி அந்தச் சோதனை. மனச்சிதைவிலோ மனச்சோர்விலோ எந்த மருந்து கேட்கும் என்பதைத் தீர்மானிக்க, மருத்துவ வழிகாட்டுதல்களால் ஏற்கப்பட்ட எபிஜெனெடிக் சோதனை இன்று ஒன்றுகூட இல்லை. அறிக்கையின் ‘மரபணு’ப் பகுதிக்கு ஓரளவு அடிப்படை உண்டு. எடுத்துக்காட்டாக, சி.ஒய்.பி.2.சி.19 என்னும் நொதி வேலை செய்யாதவர்களுக்குச் சிட்டலோப்ராம் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கூறுகிறது. அந்த நொதி குறைந்த வடிவம் தெற்காசியர்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகம். ஆனால் அது மருந்தளவு பற்றிய செய்தி. நோய் கேட்குமா என்பதற்கான விடை அதில் இல்லை. உங்கள் தம்பிக்கோ இப்போது பேசப்படுவது குளோசபைன்.

குளோசபைன் விஷயத்தில் எபிஜெனெடிக்ஸ் எப்படி வழிதவறச் செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆற்றுமணல் அவர்களுக்கும் இது பிடிக்கும். குளோசபைனை உடலிலிருந்து அகற்றும் முதன்மை நொதி சி.ஒய்.பி.1.ஏ.2. புகையிலைப் புகையில் உள்ள தார் வகைப் பொருள்கள் இந்த நொதியைப் பெருக்குகின்றன. அதனால் புகைபிடிப்பவரின் இரத்தத்தில் குளோசபைன் அளவு குறைகிறது. இந்தப் பெருக்கம் நடப்பது அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்னும் புரதத்தின் வழியே. அந்த ஏற்பியை அடக்கும் ஏ.எச்.ஆர்.ஆர். மரபணுவில்தான் புகைபிடிப்போரின் இரத்தத்தில் காணப்படும் மிக வலுவான மெத்தில் மாற்றம் இருக்கிறது. ஆக, குளோசபைன் பெறுவோரிடம் அந்த இடத்தை அளந்தால், மருந்து அளவோடும் பலனோடும் அழகான தொடர்பு கிடைக்கக்கூடும். கட்டுரையும் வரும், சோதனையும் விற்கும். ‘தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?’ என்று கேட்டாலே அந்தச் செய்தி முழுவதும் கட்டணமின்றிக் கிடைத்துவிடும். மனச்சிதைவு உள்ளவர்களில் புகைபிடிப்போர் மிக அதிகம் என்பதால் இது கற்பனைக் கவலை அன்று.

கடன் வாங்க வேண்டாம் அக்கா.

குறிஞ்சிமலை எழுதியது:

நெய்தல் சொன்னதோடு நடைமுறைக் குறிப்பு ஒன்றைச் சேர்க்கிறேன். தம்பி புகைபிடிப்பவராக இருந்து, குளோசபைன் தொடங்கிய பிறகு திடீரென நிறுத்தினால், இரத்தத்தில் மருந்தின் அளவு சில நாள்களில் கணிசமாக உயரும். உறக்கமயக்கம், வலிப்பு ஆகியவை வரலாம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் புகைக்க இயலாமல் போகும்போதும் இதுவே நிகழும். நிறுத்துவது நல்லது, ஆனால் மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லி, மருந்தளவைச் சரிசெய்துகொண்டு நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் பட்டையோ மெல்லும் பசையோ இந்த நொதியைப் பெருக்குவதில்லை, பெருக்குவது புகைதான். இயலுமானால் இரத்தத்தில் குளோசபைன் அளவைச் சோதிக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கையில் உள்ள பணத்தை அதற்குச் செலவிட்டால் பயன் உண்டு. குளோசபைன் தொடங்கிய பிறகு காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்பதையும், மலச்சிக்கலை ஒருநாளும் சிறிதாக எண்ணக்கூடாது என்பதையும் வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

கடற்காகம் எழுதியது:

மருந்தியல் முதுநிலை மாணவன். விவாதம் முழுவதும் ‘குறியை வைத்து மருந்தைத் தேர்வது’ பற்றியே நடக்கிறது. குறியையே மாற்றும் மருந்தைப் பற்றி ஏன் பேசக்கூடாது? இருமுனைக் கோளாறுக்குப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட், ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைல் தொகுதியை நீக்கும் நொதிகளைத் தடுக்கிறது என்பது 2001-இல் இரண்டு குழுக்களால் தனித்தனியே கண்டறியப்பட்டது. 2006-இல் எரிக் நெஸ்லரின் ஆய்வகம், பெரிய, முரட்டுச் சுண்டெலிகளிடம் தொடர்ந்து தோற்று ஒடுங்கிய சுண்டெலிகளின் மூளையில், ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், நரம்பணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதத்துக்கான பி.டி.என்.எஃப். மரபணு ஹிஸ்டோன் மட்டத்தில் அடைக்கப்பட்டதையும், மனச்சோர்வு மருந்தான இமிப்ரமினை நீண்ட நாள் கொடுத்தபோது அதே இடத்தில் அசிட்டைல் ஏறி மரபணு மீண்டும் வேலை செய்ததையும் காட்டியது. 2012-இல் ஹாவியர் கொன்சாலெஸ்-மாயெசோவின் குழு, மனச்சிதைவு மருந்துகளை நீண்ட காலம் கொடுக்கும்போது எச்.டி.ஏ.சி.2 என்னும் அசிட்டைல் நீக்கும் நொதி கூடி, நன்மை தரக்கூடிய ஒரு குளூட்டமேட் ஏற்பியின் மரபணுவை அடக்குவதாகச் சொன்னது. அதாவது மருந்தே தன் பலனுக்கு ஒரு தடையை எழுப்பிக்கொள்கிறது. மனச்சோர்வு மருந்துகள் மூளையில் செரட்டோனின் என்னும் நரம்புச் செய்தியாளரைச் சில மணி நேரத்தில் கூட்டியும், நோயர் தேறுவதற்கு வாரங்கள் ஆவது ஏன் என்பதற்கு இந்த மெதுவான மாற்றங்கள் நல்ல விளக்கமாக இருக்கலாம். அப்படியானால் அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை நேரடியாகக் கொடுக்கலாம் அல்லவா?

ஆற்றுமணல் எழுதியது:

கடற்காகம் தந்த சான்றுகள் சரியானவை. அவற்றிலிருந்து நோயருக்குத் தாவும் இடத்தில்தான் எனக்குத் தயக்கம். வால்ப்ரோயேட் அந்த நொதியைத் தடுக்கிறது என்பதிலிருந்து, அதனால்தான் இருமுனைக் கோளாறு தணிகிறது என்பது தானாகப் பெறப்படாது. வால்ப்ரோயேட் நரம்பணுக்களின் சோடியம் வாயில்களின் மேலும் செயல்படுகிறது, காபா என்னும் நரம்புச் செய்தியாளரையும் கூட்டுகிறது. லித்தியம் முற்றிலும் வேறு நொதிகளின் மேல் செயல்பட்டு, அதே நோயில் வால்ப்ரோயேட்டைவிட வலுவான நீண்டகாலச் சான்றுகளைப் பெற்றிருக்கிறது.

அசிட்டைல் நீக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்து மனிதர்களிடம் ஏற்கெனவே பயன்பாட்டில் உண்டு. வொரினோஸ்டாட் 2006-இல் தோலில் வரும் ஒருவகை டி அணு நிணநீர்ப் புற்றுக்காக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. தட்டணுக்கள் குறைவதும் கடும் சோர்வும் வயிற்றுப்போக்கும் அதன் விளைவுகள். இந்த நொதிகள் உடலின் எல்லா அணுக்களிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் மேல் வேலை செய்கின்றன, பி.டி.என்.எஃப். ஒன்றை மட்டும் திறந்துவிடும் வழி நம்மிடம் இல்லை. வால்ப்ரோயேட்டைக் கருவுற்ற பெண்கள் உட்கொண்டால் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 சதவீதத்தினருக்கு வளர்ச்சிச் சிக்கல்களும் ஏற்படுகின்றன என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. அந்தத் தீங்குக்கு இந்த நொதித் தடுப்பும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நெய்தல் எழுதியது:

தொடங்கிய இடத்துக்கு விவாதத்தை மீண்டும் கொண்டுவர விரும்புகிறேன், ஏனெனில் கடற்காகம் குறிப்பிட்ட பி.டி.என்.எஃப். மரபணுவில்தான் இரண்டு வகைக் குறிகளும் மனிதர்களிடம் ஆராயப்பட்டிருக்கின்றன.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 39 மனச்சோர்வு நோயர்களிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, சிகிச்சைக்கு முன் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மெத்தில் இல்லாதவர்களுக்கு மருந்து குறைவாகவே கேட்டது என்றது. மெத்தில் ஏறினால் மரபணு அடங்கும், அடங்கினால் நோய் கூடும் என்று பாடப்புத்தக வழியில் எண்ணியவர்களுக்கு இது எதிர்பாராத திசை. 2013-இல் ஜெனீவாவின் நாதர் பெருவும் குழுவினரும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உள்ள 115 பேரிடம், நான்கு வாரத் தீவிர உளவியல் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே மரபணுவை அளந்தார்கள். பலன் பெறாதவர்களிடம் மெத்தில் கூடியது. பலன் பெற்றவர்களிடம் காலப்போக்கில் குறைந்தது. முதல் ஆய்வு முன்கணிப்பைப் பற்றியது, இரண்டாவது உடன்மாற்றத்தைப் பற்றியது. நோயும் வேறு வேறு, சிகிச்சையும் வேறு வேறு. இவ்விரண்டையும் ‘பி.டி.என்.எஃப். மெத்தில் சிகிச்சைப் பலனைக் காட்டுகிறது’ என்று ஒரே வாக்கியத்தில் அடைத்த மேலாய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்த வாக்கியத்தை நம்பித்தான் செம்பருத்தி அக்காவின் வீட்டுக்கு அந்த விளம்பரம் வருகிறது.

செரட்டோனினை நரம்பணுவுக்குள் திரும்ப இழுக்கும் புரதத்தின் மரபணுவிலும் நிலைமை இதுவே. பதற்றக் கோளாறு உள்ள 116 குழந்தைகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், அறிவுசார் நடத்தைச் சிகிச்சையால் பலன் பெற்றவர்களிடம் ஓரிடத்தில் மெத்தில் சற்றே கூடியது, பெறாதவர்களிடம் குறைந்தது. மாத்திரையே இல்லாமல், பேச்சாலும் பயிற்சியாலும் நடந்த சிகிச்சையோடு உடலில் அளக்கக்கூடிய ஒரு மாற்றம் சேர்ந்து நடந்திருப்பது என்னை மிகவும் ஈர்க்கிறது. ஆனால் அதுவும் உடன்மாறும் குறியே. எந்தக் குழந்தையை அந்தச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று அது சொல்லவில்லை.

எனக்கு நம்பிக்கை தரும் ஆய்வு முறை எது என்றால், குலுக்கல் முறையில் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் பெரிய மருத்துவ ஆய்வுகளில் முதல் நாளே இரத்தத்தை எடுத்து வைத்து, அணு விகிதத்தையும் புகையையும் உடல் எடையையும் கணக்கில் கொண்டு, ஒரு நாட்டில் கண்ட குறியை இன்னொரு நாட்டின் நோயர்களிடம் மாற்றமின்றிச் சோதிப்பது. கடைசிப் பகுதி நமக்கு முக்கியமானது. மெத்தில் குறிகளில் கணிசமானவை அருகிலுள்ள மரபணு வடிவங்களால் தீர்மானிக்கப்படுகின்றன. அந்த வடிவங்களின் விகிதம் மக்கள்தொகைக்கு மக்கள்தொகை வேறுபடும். இதுவரையிலான தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் குடும்பம் குடும்பமாக நோயர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வுத் திட்டங்கள் இருக்கின்றன; அத்தகைய இடங்களில் சிகிச்சைத் தொடக்கத்திலேயே மாதிரிகள் எடுக்கப்படுவது பழக்கமானால், வேறு எவரிடமும் இல்லாத தரவு நம்மிடம் சேரும்.

மூளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உயிரோடு உள்ளவரின் மூளைத் திசுவை எடுக்க இயலாது என்பதால் இரத்தமும் எச்சிலும் பதிலியாக நிற்கின்றன. பெரும்பாலான இடங்களில் மூளையின் மெத்தில் அளவும் இரத்தத்தின் மெத்தில் அளவும் ஒன்றையொன்று பின்பற்றுவதில்லை. முன்கணிக்கும் குறிக்கு இது பெருந்தடை அன்று. சரியாகக் கணித்தால் அது இரத்தத்தில் இருந்தால் என்ன? ஆனால் ‘சிகிச்சை மூளையின் மரபணுக்களை மாற்றியது’ என்று இரத்தத்தை மட்டும் அளந்துவிட்டுச் சொல்வது ஏற்கத்தக்கது அல்ல.

வேப்பநிழல் எழுதியது:

நீண்ட நாள்களாக மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவருகிறேன். மெத்தில் குறைவதுதான் சிக்கல் என்றால் மெத்தில்ஃபோலேட், எஸ்-அடினோசில்மெத்தியோனின் போன்ற ‘மெத்தில் கொடுக்கும்’ மாத்திரைகளை வாங்கிச் சாப்பிட்டால் சரியாகிவிடாதா? இணையத்தில் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

குறிஞ்சிமலை எழுதியது:

மெத்தில் குறைவது மட்டுமே சிக்கல் என்று இந்த இழையில் வந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. ஓரிடத்தில் கூடுவதும் இன்னோரிடத்தில் குறைவதும் தீங்கோடு தொடர்புபட்டிருக்கின்றன. அந்த மாத்திரைகள் உடல் முழுவதற்கும் மெத்தில் தொகுதியை வழங்குபவை. அவை எந்த மரபணுவின் எந்த இடத்தில் போய் ஒட்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க இயலாது.

அதே நேரம், மெத்தில்ஃபோலேட்டுக்கு மருத்துவச் சான்றே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2012-இல் அமெரிக்காவில் வெளியான இரண்டு ஆய்வுகளில், மனச்சோர்வு மருந்துக்குச் சரியாகக் கேட்காதவர்களுக்கு அதோடு சேர்த்து நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராம் கொடுத்தபோது பலன் இல்லை; 15 மில்லிகிராம் கொடுத்த 75 பேர் கொண்ட இரண்டாவது ஆய்வில் பலன் பெற்றவர்கள் 32 சதவீதம், போலி மாத்திரை பெற்றவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் மருத்துவரோடு பேசத் தகுந்தது. இந்தப் பலன் மெத்தில் குறிகளின் வழியே வந்தது என்பது நிறுவப்படவில்லை. மூளையில் செரட்டோனினும் டோபமினும் உருவாவதற்கும் ஃபோலேட் தேவை.

தானாக வாங்கிச் சாப்பிடுவதற்கு முன் இரண்டைக் கவனியுங்கள். பி12 குறைவு இருக்கும்போது ஃபோலேட்டை அதிகம் எடுத்தால் இரத்தசோகை மறைந்துவிடும், ஆனால் நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும். சைவ உணவு மட்டுமே உண்பவரானால் முதலில் பி12 அளவைப் பாருங்கள். உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் யாருக்கோ இருமுனைக் கோளாறு இருந்திருந்தால் எஸ்-அடினோசில்மெத்தியோனினைத் தொடவே வேண்டாம். அது மனஎழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். இப்போது எடுத்துவரும் மருந்தின் பெயரையும் அளவையும் குறித்துக்கொண்டு, அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது இவ்விரண்டையும் கேளுங்கள்.